கட்டுநாயக்காவுக்கு வான் கேட்கும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று எங்கெங்கோ இருக்கும் அண்ணாமார், அக்காமார், மச்சான்மார், மாமிமார் எல்லோருக்கும் வன்னியில் இருக்கிற விசுவமடுவிலிருந்து வணக்கம்.

ஜூன் பிறந்தால் போதும், என் போனுக்கு வட்ஸ்அப் வரத் தொடங்கிவிடும். "தம்பி, ஜூலை கடைசியில வாறம். ஆறு பேர், பன்னிரண்டு பாக். எயார்போர்ட்டுக்கு வான் கொண்டு வா." பிளைட் நம்பர், இறங்கும் நேரம், கூடவே "ஏசி வேலை செய்யுதோ?" என்ற கேள்வி. ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட எல்லோருக்கும் பொதுவாக ஒன்று எழுதிவிடலாம் என்று பட்டது.

கேட்பது இதுதான். இந்த முறை விடுமுறைக்கு வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வன்னிக்கு வானில் வராதீர்கள். ஒரு இரவு நீர்கொழும்பிலோ வெள்ளவத்தையிலோ படுத்தெழும்பி, அடுத்த நாள் காலையில் கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் ரயில் ஏறுங்கள். கிளிநொச்சி ஸ்டேசனிலோ மாங்குளத்திலோ நான் வந்து நிற்பேன்.

வான் ஓடிப் பிழைக்கிறவன் வான் வேண்டாம் என்கிறானே, இவனுக்கு என்ன பிடித்தது என்று யோசிப்பீர்கள். சரி, கணக்கைச் சொல்கிறேன். எயார்போர்ட் ஹயர் என்றால் வெளியில் பெரிதாகத் தெரியும். ஆனால் மத்தியானம் வெறும் வானோடு இங்கிருந்து புறப்பட வேண்டும். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஆளில்லாமல் ஓட வேண்டும். அந்த டீசலும் கடைசியில் உங்கள் கணக்கில்தான் வந்து விழுகிறது. நீங்கள் கொடுப்பது உண்மையில் இரண்டு பயணத்துக்கான காசு. பிளைட் பிந்தினால் எயார்போர்ட் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். வந்து சேர்ந்த அடுத்த நாள் முழுக்க நான் நித்திரை. அந்த நாளில் உள்ளூர் ஹயர் ஒன்றும் ஓட முடியாது. அதைவிட ஸ்டேசனிலிருந்து உங்களை ஏற்றி வந்து வீட்டில் விட்டு, அடுத்தடுத்த நாட்களில் வற்றாப்பளைக்கும் முள்ளியவளைக்கும் கலியாண வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு திரிந்தால் எனக்கும் நல்லது, வானுக்கும் நல்லது. என் சுயநலமும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஆனால் இந்த மடலுக்குக் காரணம் காசு இல்லை. இரவு ஓட்டம்தான்.

நீங்கள் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் பறந்து, இடையில் டோகாவிலோ டுபாயிலோ மாறி, ஒருவழியாக இறங்குகிறீர்கள். வானில் ஏறியதும் முதல் அரை மணித்தியாலம் ஒரே கதை. நீர்கொழும்பு தாண்ட முன்பே பிள்ளைகள் படுத்துவிடும். சிலாபம் வரும்போது பின்சீட்டில் அக்கா. புத்தளத்தில் திரும்பி அனுராதபுரம் றோட்டில் விழும்போது முன்சீட்டு அத்தானும் கழுத்தை ஒரு பக்கம் சரித்துக் குறட்டை விடுவார். விழித்திருப்பது சாரதி ஒருவன். அவனும் அன்று மத்தியானத்திலிருந்து அதே றோட்டில் இருக்கிறவன். யன்னலைக் கொஞ்சம் இறக்கி முகத்தில் காற்று படவிடுவான். முருகன் பாட்டைச் சத்தமாகப் போடுவான். கச்சானை ஒவ்வொன்றாக வாயில் போட்டு மெல்லுவான். பசிக்கு இல்லை, வாய் அசைந்துகொண்டிருந்தால் கண் மூடாது என்பதற்காக. இடையில் யாராவது விழித்து "தம்பி, நித்திரை வருதோ?" என்று கேட்பார்கள். உலகத்தில் எந்த ஹயர் சாரதியும் அதற்கு "ஓம்" என்று சொன்னதில்லை.

வவுனியா தாண்டினால் ஊருக்கு வந்துவிட்டோம் என்று மனம் தளர்கிற இடம். அங்கேதான் ஆபத்து அதிகம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஏ-9 நேராகவும் வழுவழுப்பாகவும் கிடக்கிறது. நேரான றோட்டில்தான் கண் சொக்கும். விடியப்புறம் கட்டாக்காலி மாடுகள் தார் றோட்டில் வந்து படுத்துக் கிடக்கும். பகல் வெயிலின் சூடு தாரில் இன்னும் இருக்கும் அல்லவா, அதற்காக. கறுத்த றோட்டில் கறுத்த மாடு. எதிரே வருகிற லொறிக்காரன் லைட்டைக் குறைக்காவிட்டால், மாடு தெரிவது பிரேக் பிடிக்க நேரமில்லாத தூரத்தில்தான். இலங்கையில் றோட்டு விபத்துகளில் ஆண்டுக்கு 2000 பேருக்கு மேல் சாகிறார்கள். எயார்போர்ட்டால் ஏற்றி வந்த வான் விடியப்புறம் லொறியில் மோதியது, மரத்தில் மோதியது என்ற செய்தியை நீங்களும் அங்கே இருந்து வாசித்திருப்பீர்கள். வாசித்துவிட்டு, அடுத்த முறையும் இரவு வான்தான் கேட்கிறீர்கள்.

இப்போது இன்னொரு வகை கிளம்பியிருக்கிறது. வளர்ந்த பெடியள், "நாங்களே வாடகைக் கார் எடுத்து ஓடி வாறம்" என்கிறார்கள். வெளிநாட்டவர்களுக்குத் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் இப்போது விமான நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். அதனால் துணிவு வந்துவிட்டது. லண்டன் பிள்ளை என்றால் பரவாயில்லை, இடப்பக்கம் ஓடிப் பழகியவன். பாரிசிலும் கனடாவிலும் சுவிசிலும் வலப்பக்கம் ஓடிப் பழகிய கை, நித்திரைக் கலக்கத்தில் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும்? இங்கே பஸ்காரன் எதிரே முந்திக்கொண்டு வந்தால் ஒதுங்க வேண்டியது நீங்கள்தான். அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஓடினால்தான் தெரியும்.

சரி, ரயிலுக்கு வருவோம்.

வானில் வருகிற பிள்ளைகள் கட்டுநாயக்காவில் கண் மூடி, விசுவமடுவில் கண் திறக்கிறார்கள். இடையில் ஒரு நாடு இருந்தது அவர்களுக்குத் தெரியாது. ரயிலில் அப்படி வராது. காலையில் கோட்டையில் ஏறினால் பொல்காவலை, குருநாகல் வரைக்கும் தென்னந்தோப்பும் ஈரமும். மாகோவில் பாதை பிரிகிறது. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் போகிற தண்டவாளம் கிழக்கே திரும்ப, நாங்கள் வடக்கே வருகிறோம். கல்கமுவப் பக்கம் வந்ததும் குளங்கள் தொடங்கும். அனுராதபுரம், மதவாச்சி. மதவாச்சியில் இன்னொரு தண்டவாளம் பிரிந்து மடு றோட், மன்னார், தலைமன்னார் என்று கடற்கரை வரை போகிறது. வவுனியாவுக்கு வரும்போது பெட்டிக்குள் தமிழ்ச் சத்தம் கூடிவிடும். அதற்குப் பிறகு காடு. பாலையும் வீரையும் முதிரையும் தண்டவாளத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். ஓகஸ்டில் எங்கள் பக்கம் காய்ந்து கிடக்கும், பச்சைப் பசேல் என்று எதிர்பார்க்காதீர்கள். குளம் வற்றி, நடுவில் கொஞ்சத் தண்ணீரில் கொக்கும் எருமையும் நிற்கும். மாரியில் வந்தால் அதே இடம் வேறு இடம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் காசு இருக்கிறதே என்று முதலாம் வகுப்பு ஏசிப் பெட்டிக்குப் பதிவீர்கள். வயதானவர்களோடு வந்தால் சரி. மற்றவர்களுக்கு நான் சொல்வது இரண்டாம் வகுப்பு, பதிவு செய்த சீட். ஏசிப் பெட்டியில் கண்ணாடி திறக்காது. இரண்டாம் வகுப்பில் யன்னலைத் தூக்கிவிட்டால் காற்று முகத்தில் அடிக்கும், தூசியும் அடிக்கும். ஊர் மணம் என்று நீங்கள் பேஸ்புக்கில் எழுதுவது அந்த யன்னலால்தான் உள்ளே வருகிறது.

அப்புறம் சாப்பாடு. கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று ஒருவர் ஆடுகிற பெட்டிக்குள் ஆடாமல் நடந்து வருவார். பருப்பு வடையின் மேல் முழு இறால் ஒன்று பதிந்திருக்கும். பள்ளிக்கூடக் கொப்பித் தாளைச் சுருட்டி அதில் நாலைப் போட்டு, மேலே பொரித்த செத்தல் மிளகாய் இரண்டை வைத்துத் தருவார். தாளில் எண்ணெய் ஊறி, யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு விடையும் ஆசிரியர் போட்ட சிவப்புச் சரியும் தெரியும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று தாய்மார் பயப்படுவார்கள். அது உங்கள் முடிவு. சூடாகப் பொரித்ததை விட, வெட்டி வைத்த பழம்தான் எனக்குப் பயம்.

ரயிலில் எதிரே இருப்பது முன்பின் தெரியாத ஆட்கள். அதுதான் எனக்குப் பிடித்த விஷயமும். நயினாதீவு நாகவிகாரைக்குப் போகிற சிங்களக் குடும்பம் ஒன்று சட்டி பானையோடு ஏறியிருக்கும். மடுவுக்குப் போகிறவர்கள் செபமாலையோடு மதவாச்சியில் இறங்குவார்கள். லீவுக்கு வீட்டுக்கு வருகிற கம்பஸ் பிள்ளைகள், கொழும்பில் கந்தோர் வேலை செய்து மாதம் ஒருமுறை ஊர் வருகிறவர்கள். உங்கள் பிள்ளை தமிழில் தட்டுத் தடுமாறினால் அவர்கள் சிரித்துக்கொண்டு கதைப்பார்கள். வானுக்குள் அப்படி யாரும் ஏற மாட்டார்கள். உள்ளே உங்கள் ஏசி, உங்கள் பாட்டு, உங்கள் ஐபாட். ரொறன்ரோவை அப்படியே பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்குகிற வேலைதான் நான் இத்தனை நாளும் செய்துகொண்டிருக்கிறேன்.

உங்களில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பாதையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 1905இல் ரயில் வந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. பழைய ஆட்கள் இன்றும் "கோச்சி" என்றுதான் சொல்வார்கள். உங்களில் பல பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த மண்ணை விட்டுப் போனதே அந்தக் கோச்சியில்தான். 1985 ஜனவரியில் முறிகண்டிப் பக்கத்தில் யாழ்தேவி குண்டில் சிக்கியது. 1990 ஜூனோடு யாழ்ப்பாண ஓட்டம் நின்றது. வவுனியாதான் கடைசி ஸ்டேசன் என்றாயிற்று.

அதற்குப் பிறகு வன்னிக்குள் ரயில் பாதை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போய்விட்டன. மேடாகக் கிடந்த பாதையில் ஆட்கள் சைக்கிள் ஓடினார்கள். சில இடங்களில் பற்றை மூடியது. ஏ-9 உம் திறந்து மூடி, 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் திரும்ப மூடியது. எங்கள் பிள்ளைகள் ரயிலைப் படத்தில் பார்த்து வளர்ந்தவர்கள். 1990இல் பிறந்த வன்னிப் பிள்ளைக்குத் தன் ஊரில் ரயில் பார்க்க இருபத்து மூன்று வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சண்டை முடிந்து, இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் வந்து பாதையைப் புதிதாகப் போட்டது. 2011 மே மாதம் ஓமந்தை வரை. 2013 செப்டெம்பர் 14 கிளிநொச்சி. அடுத்த மார்ச்சில் பளை. 2014 ஒக்டோபர் 13 யாழ்ப்பாணம். 2015இல் காங்கேசன்துறையும் தலைமன்னாரும். பிறகு தெற்குப் பக்கத்துப் பழைய துண்டையும் திருத்த வேண்டி வந்தது. மாகோவிலிருந்து ஓமந்தை வரை 128 கிலோமீட்டர். அதற்காக 2023இலும் 2024இலும் மாதக்கணக்கில் ஓட்டம் மறிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வந்தவர்கள் "ரயில் இல்லையாம்" என்று வானுக்குப் பழகிப்போனார்கள். 2024 ஒக்டோபர் கடைசியில் பாதை திறந்துவிட்டது. முன்பு குலுக்கிக்கொண்டு ஊர்ந்த துண்டில் இப்போது நன்றாகவே ஓடுகிறது. இந்தப் பாதை வருமா வராதா என்று ஏங்கியவர்கள் நீங்களும்தான். வந்த பிறகு அதில் ஏறாமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

இனி உங்கள் முறைப்பாடுகள். பாக் பற்றித்தான் முதலில் கேட்பீர்கள்.

ஆறு பேர், பன்னிரண்டு பாக், ஒவ்வொன்றும் 23 கிலோ. உண்மைதான், அதை ரயிலில் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் மற்றவர்களுக்கு நிற்க இடமிருக்காது. ஆனால் அந்தப் பாக்குகளை நான் எத்தனை முறை தூக்கியிருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொக்லேட், சோப், ஷாம்பு, பால்மா, பிள்ளைகள் போட்டுக் கழித்த உடுப்பு. மன்னிக்க வேண்டும், இவ்வளவும் இப்போது கிளிநொச்சியிலேயே கிடைக்கிறது. நியூட்டெல்லா கூட இருக்கிறது. சண்டைக் காலத்தில் ஒரு சவர்க்காரத்துக்கு நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் மறக்கவில்லை, அந்த அன்பு விளங்குகிறது. ஆனால் மாமி அந்தச் சவர்க்காரத்தை எடுத்து அலுமாரிக்குள் பூட்டி வைத்து, அடுத்த முறை நீங்கள் வரும்போது உங்களுக்கே குளிக்கத் தருகிறா. பாதியைக் குறையுங்கள். மிச்சத்தைக் கொழும்பில் உறவுக்காரர் வீட்டில் வைத்தால், இரவில் வன்னிக்கு வருகிற தனியார் பஸ்களில் பார்சலாகப் போட்டுவிடலாம். இங்கே சந்தியில் நின்று நான் இறக்குவேன். ஆளுக்கு ஒரு பாக், ஒரு தோள்பை. அதற்கு மேல் ரயிலில் வேண்டாம்.

டிக்கெட்டுக்கு ஆடி, ஆவணி மாதங்களில் அடிபிடிதான். ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே பதியலாம். ரயில்வே திணைக்களத்தின் இணையத்தில் அங்கே இருந்துகொண்டே எடுக்கலாம். கடவுச்சீட்டு இலக்கம் கேட்பார்கள், பயணத்தில் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். எல்லா ரயிலும் மாங்குளத்திலோ புளியங்குளத்திலோ நிற்காது. நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள், இல்லாவிட்டால் மாங்குளம் உங்களைப் பார்த்தபடியே போய்விடும். கல்கிசையிலிருந்து புறப்படுகிற கடுகதியும் உண்டு. வெள்ளவத்தையில் தங்குகிறவர்கள் அதையும் பாருங்கள். விடியவே எழும்ப வேண்டும், ஆனால் நேர வித்தியாசத்தில் நீங்கள் எப்படியும் விடியப்புறம் முழித்துக்கொண்டுதான் கிடப்பீர்கள்.

கழிவறை சுமார். பொய் சொல்ல விரும்பவில்லை. டிஷ்யூவும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள், புறப்பட்ட உடனேயே போய்வந்துவிடுவது புத்தி. ரயில் பிந்தும், அதுவும் நடக்கும். சிக்னல் கோளாறு, மாடு, சில இடங்களில் யானை. பிந்தினால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், நான் ஸ்டேசனுக்கு முன்னால் இருக்கிற கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

முல்லைத்தீவு ஆட்கள் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு ரயிலே இல்லை, உண்மை. ஆனால் மாங்குளத்தில் இறங்கினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு றோட்டு நேரே போகிறது. முள்ளியவளை, தண்ணீரூற்றுக்கும் அதே வழி. மல்லாவி, துணுக்காய்க்காரருக்கும் மாங்குளம்தான், மறுபக்கம் திரும்ப வேண்டும். விசுவமடு, புதுக்குடியிருப்புக்குக் கிளிநொச்சியில் இறங்கிப் பரந்தன் சந்தியால் வரலாம். செட்டிகுளம், மடுப் பக்கம் என்றால் தலைமன்னார் ரயில். பகலில் ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட வான் ஓட்டத்துக்கும், இரவில் ஆறு ஏழு மணித்தியால ஓட்டத்துக்கும் வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

முறிகண்டிப் பிள்ளையார் விஷயத்தில் மட்டும் எனக்கே மறுமொழி இல்லை. றோட்டால் வந்தால் இறங்கி, ஒரு தேங்காய் உடைத்து, சூடான மணலில் வறுத்த கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டுதான் வருவோம். ரயில் அந்தப் பக்கத்தாலேயே போகும். யன்னலால் கும்பிடலாம், தேங்காய் உடைக்க முடியாது. "பிள்ளையாரிட்ட நிக்காமல் வந்திட்டியளோ" என்று அம்மம்மா குறைப்படுவா. அடுத்த நாள் பின்னேரம் அவவையும் ஏற்றிக்கொண்டு நான் கூட்டிப்போகிறேன், கிளிநொச்சியிலிருந்து கிட்டத்தான்.

சூழல், புகை என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படிப்பிக்கிறார்கள் போல. எங்கள் ரயில் இன்னும் டீசல் எஞ்சின்தான், புகை விடுகிறது. வானில் எட்டுப் பேர் நெருக்கி இருந்து வந்தால் ஆளுக்கு விழுகிற புகையும் அவ்வளவு மோசமில்லை. ஆனால் என் வான் உங்களுக்காகத்தான் போய் வருகிறது, போகும் வழி வெறுமையாக. ரயில் நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடத்தான் போகிறது. வாடகைக் கார் எடுத்து இரண்டு பேராக வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நன்றாக உறைக்க வேண்டும்.

வந்து சேர்ந்த பிறகும் ரயிலை மறந்துவிடாதீர்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கிளிநொச்சியிலிருந்து வானில் போனால் கோயிலடிக்குக் கிட்டப் போக முடியாது. றோட்டு மறித்திருப்பார்கள், எங்கேயோ தூரத்தில் விட்டுவிட்டு வெயிலில் நடக்க வேண்டும், திரும்பி வந்து வானைத் தேட வேண்டும். ரயிலில் போய் யாழ்ப்பாணத்தில் இறங்கி ஒரு ஓட்டோ பிடித்தால் முடிந்தது. அந்தத் துண்டுப் பயணத்துக்காகவே போகலாம். பரந்தன் தாண்டி ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீர் விரிந்து கிடக்கும். வெயில் காலத்தில் கரையில் உப்புப் பூத்திருக்கும். அந்த இடத்தில் என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்திருந்தால், சொல்வதற்கு ரயில் யன்னல் நல்ல இடம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொல்வதை விட நீங்கள் சொல்வது திறம். மடு ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15. அதற்குப் போகிறவர்கள் மடு றோட் ஸ்டேசனில் இறங்கி அங்கிருந்து பஸ் எடுக்கலாம்.

பெடியளுக்கு ஒரு சொல்: கதவில் தொங்கிக்கொண்டு செல்பி எடுக்கிற வேலை வேண்டாம். ஊர்ப் பக்கத்தில் காவலாளி இல்லாத கடவைகள் இன்னும் இருக்கின்றன; மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கி ஓடுகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கட்டும். புதிய பாதையில் ரயில் சத்தம் கேட்கும் முன்பே வந்துவிடும்.

யாருக்கு இந்த மடல் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சக்கர நாற்காலியில் இருக்கிற ஆட்களை எங்கள் ரயிலில் ஏற்றி இறக்குவது பெரும் பாடு. பெட்டிப் படிகள் உயரம். அவர்களுக்கு வான்தான், ஆனால் பகலில். கைக்குழந்தையோடு தனியாக வருகிற தங்கச்சிமாருக்கும் வான்தான். செத்த வீட்டுக்கு ஓடி வருகிறவர்கள் எந்தச் சாமத்தில் இறங்கினாலும் ஒரு சொல் போதும், நான் வந்து நிற்பேன். அந்த ஓட்டத்துக்கு இன்னொரு சாரதியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். அவனுக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மற்ற எல்லோருக்கும் இந்த ஆண்டு எயார்போர்ட் இரவு ஹயர் இல்லை. வேறு வான் பிடித்து வருவீர்கள் என்றால் தடுக்க முடியாது. குறைந்தது சாரதி அன்று பகல் படுத்தானா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், முன்சீட்டில் இருக்கிறவர் விழித்திருங்கள்.

திரும்பிப் போகும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. பிளைட் இருக்கிற நாளிலேயே ரயிலில் கொழும்புக்குப் போய் ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் நாளே போய்விடுங்கள். ஒடியலும் வத்தலும் புழுக்கொடியலும் பாக்கில் எப்படியும் ஏறிவிடும், அதை நான் மறிக்கப் போவதில்லை. எள்ளுருண்டையைக் கையிலேயே வைத்திருங்கள், வவுனியா வரும் முன் பிள்ளைகள் கேட்பார்கள்.

டிக்கெட் எடுத்தவுடன் ரயில் எது, எந்த ஸ்டேசன், எத்தனை பேர், எத்தனை பாக் என்று அனுப்புங்கள். பாக் கூடினால் வான், குறைந்தால் மச்சானின் ஓட்டோ.

இப்படிக்கு,
உங்கள் வான்காரத் தம்பி,
விசுவமடு